கரும்பில் செவ்வழுகல்: ஒரு தூர் வாடும்போதே செய்ய வேண்டியது

நகத்தால் கிள்ளி எறியக்கூடியதைக் கோடரி கொண்டு வெட்டும்படி விடலாகாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இம்மொழியை அறியாத குடியானவர் நம் நாட்டில் இலர். ஏரிக்கரையில் நண்டு வளை கண்டால் அன்றே ஒரு கூடை மண் கொட்டி மிதித்து அடைக்க வேண்டும் என்பதும், வரப்பில் முளைத்த கோரையை அது கிழங்கு வைப்பதற்கு முன் களைய வேண்டும் என்பதும் யாவரும் அறிந்த விஷயங்களே. ஆயினும், அறிந்தவற்றையெல்லாம் நாம் உரிய காலத்தில் செய்து விடுகிறோம் என்று சொல்வதற்கில்லை. சிறு கேட்டைக் கண்டவுடன் அதனை நீக்க வேண்டும் என்னும் பொது விதிக்குக் கரும்புப் பயிரைத் தாக்கும் செவ்வழுகல் நோயைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. ஆதலால் அந்நோயைப் பற்றியும், அதனை முதற் குறியிலேயே ஒழிக்கும் முறைகளைப் பற்றியும் இக்கட்டுரையில் விவரிப்போம்.

நெல்லிக்குப்பமும் கரும்பும்

தென்பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் அமைந்துள்ள நெல்லிக்குப்பம், கரும்புக்கும் சர்க்கரைக்கும் நெடுநாளாகப் பெயர் பெற்ற ஊர். இங்கே 1842-ஆம் ஆண்டில் பாரி கம்பெனியார் சர்க்கரை ஆலை நிறுவினர். இந்தியாவில் தோன்றிய மிகப் பழைய சர்க்கரை ஆலைகளுள் அது ஒன்றாகும். அன்று முதல் இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றின் வரவு செலவு கரும்பை ஒட்டியே நடந்து வந்திருக்கிறது. பெண்ணின் கல்யாணம், பிள்ளையின் படிப்பு, கிணற்றுக்கு வாங்கிய கடன் ஆகிய யாவும் ஆலையிலிருந்து வரும் வெட்டு உத்தரவை எதிர்பார்த்து நிற்பவை. நெல் ஒரு பட்டம் பொய்த்தால் அடுத்த பட்டத்தில் ஈடு செய்யலாம். கரும்போ பத்துப் பன்னிரண்டு மாதம் நிலத்தில் நிற்கும் பயிர். அது கெட்டால் ஓராண்டு உழைப்பும் ஓராண்டுச் செலவும் ஒருசேரக் கெடும். ஆகவே, கரும்புக்கு வரும் நோய் நிலத்துக்கு மட்டும் வரும் நோய் அன்று. வீட்டுக்கும் வரும் நோயாகும்.

நோயின் பூர்வ சரித்திரம்

செவ்வழுகல் புதிய நோய் அன்று. 1893-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவில் வெண்ட் என்னும் டச்சு விஞ்ஞானி இதனை ஆராய்ந்து, இதற்குக் காரணமான பூசணத்தைக் கண்டறிந்து விவரித்தார். கொலட்டோட்ரைக்கம் ஃபால்கேட்டம் என்பது அப்பூசணத்தின் சாஸ்திரப் பெயர். சென்னை மாகாணத்தில், கோதாவரிக் கழிமுகத்துக் கரும்புத் தோட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரும் அழிவுக்கு உள்ளாயின. அக்காலத்தில் அரசாங்கத் தாவர சாஸ்திரியாக இருந்த பார்பர் என்பவர் அங்கே நோயை ஆராய்ந்து 1901-இல் அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1902-இல் சாமல்கோட்டில் கரும்புப் பண்ணை ஒன்று ஏற்படலாயிற்று. ‘செவ்வழுகல்’ என்று இன்று நாம் வழங்கும் பொருள்பட அமைந்த ஆங்கிலப் பெயரை இந்நோய்க்கு 1906-இல் இட்டவர் பட்லர் என்பவர். பின்னர் 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்தி நிலையம் தொடங்கப் பெற்றது. அதனைத் தொடங்கி வளர்த்தவரும் பார்பரே. ‘கோ’ என்னும் எழுத்தை முன்னே கொண்டு நாடெங்கும் பயிராகும் கரும்பு வகைகள் யாவும் அந்நிலையத்தின் வழி வந்தவை.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர்கள் பாடுபட்டும் இந்நோய் அடியோடு ஒழிந்தபாடில்லை. 1930-களின் இறுதியில் ஐக்கிய மாகாணத்தின் கீழைப் பகுதியிலும் வட பீகாரிலும் கோ. 213 என்னும் சிறந்த வகையை இது பெரும் பரப்பில் அழித்தது. நம் கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த கோ.க. 671 என்னும் வகை, முன்னதாக முதிர்ந்து மிகுந்த சர்க்கரை கொடுத்து, தமிழ்நாட்டுக்கு வெளியேயும் பெயர் பெற்றது. அதுவும் பிற்காலத்தில் செவ்வழுகலுக்கு இடங்கொடுத்து, நம் கரையோர வயல்கள் பலவற்றிலிருந்து விலக நேர்ந்தது. அண்மையில் உத்தரப் பிரதேசத்தில் நிகழ்ந்ததும் இதுவே. 2009-இல் வெளியான கோ. 0238 என்னும் வகை சில ஆண்டுகளில் அம்மாநிலத்துக் கரும்புப் பரப்பில் முக்காற் பங்குக்கு மேல் பரவியது. அதன்பின் பூசணத்தின் புதிய இனம் ஒன்று கிளம்பி அவ்வகையைத் தாக்கத் தொடங்கிற்று. எந்த வகையும் என்றென்றும் நோய் தாங்கும் என்று நம்பி உறங்குவதற்கில்லை என்பதே இச்சரித்திரங்களின் சாரம். வகையைத் தருவது ஆராய்ச்சி நிலையத்தின் கடமை. வயலைக் காப்பது குடியானவரின் கண்.

நோயின் குறிகள்

கரும்பு ஐந்தாறு மாதப் பருவத்தைத் தாண்டி, கணு விட்டு வளர்ந்து நிற்கும் காலத்திலேயே, பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி, இந்நோய் வெளிப்படையாகத் தோன்றும். முதலில் மேலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது இலை நிறம் மாறி, நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் காய்ந்து வரும். சில நாட்களில் கொண்டை முழுவதும் மஞ்சளித்து வாடும். சுற்றிலும் உள்ள தூர்கள் பசுமையாக நிற்க, ஒரு தூர் மட்டும் இவ்விதம் வாடி நிற்குமானால், அதனைத் தண்ணீர்க் குறைவு என்று எண்ணி விட்டுவிடலாகாது. தண்ணீர்க் குறைவாயின் பக்கத்துத் தூர்களும் வாட வேண்டுமன்றோ?

அத்தூரிலிருந்து ஒரு கரும்பை வெட்டி, அடியிலிருந்து நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து பார்த்தல் வேண்டும். உள்ளே சதை சிவந்து, அச்சிவப்பின் குறுக்கே ஆங்காங்கு வெண்மையான திட்டுகள் பட்டை பட்டையாகக் காணப்படுமாயின் அது செவ்வழுகலே என்று துணியலாம். முகர்ந்து பார்த்தால் புளித்த சாராய வாடை வீசும். நோய் முற்றிய கரும்பில் உள்ளே பொந்து விழுந்து சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருக்கும்; மேற்பட்டை சுருங்கி நிறம் மங்கும். இலையின் நடு நரம்பில் சிவந்த நீண்ட புள்ளிகள் தோன்றுவதும் உண்டு.

வேறு சில கேடுகளும் கரும்பை வாட்டுவதால் ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் கூடாது. இளம் பயிரில் நடுக்குருத்து மாத்திரம் காய்ந்து, இழுத்தால் கையோடு வருமாயின் அது இளங்குருத்துப் புழுவின் வேலை. வாடல் நோயிலும் உட்சதை செம்பழுப்பாக மாறிக் கரும்பு கூடாகும். ஆனால் அதில் குறுக்கே வெண் திட்டுகள் இரா. நட்ட கரணை முளையாமல் மண்ணுக்குள்ளேயே கறுத்து, அன்னாசிப் பழத்தின் வாசனை வீசினால் அது அன்னாசி நோய் எனப்படும் வேறொரு நோய். சந்தேகம் எழுமிடத்துப் பிளந்த கரும்பை அன்றே ஆலையின் கரும்பு அலுவலரிடமோ உதவி வேளாண்மை அலுவலரிடமோ காட்டித் தெளிவு பெறுதல் நலம்.

செவ்வழுகல் கண்ட கரும்பில், சர்க்கரையானது வெல்லமாக உறையாத வேறு சர்க்கரைகளாக உடைந்து போகின்றது. அதனால் ஆலையில் சாறு தரம் குறையும். வீட்டில் காய்ச்சினால் எத்தனை நேரம் கொப்பரையில் கிண்டியும் வெல்லம் பிடிக்காது. எடையில் நட்டம் ஒரு பக்கம், தரத்தில் நட்டம் மற்றொரு பக்கம் என்று இரட்டை நட்டம் விளைகின்றது.

நோய் பெருகும் கணக்கு

இந்நோய் வயலுக்குள் வரும் முதல் வழி கரணையாகும். நோயுள்ள கரும்பிலிருந்து வெட்டிய கரணை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உள்ளே ஒளிந்திருக்கும் பூசணம், பயிர் வளர வளரத் தானும் வளர்ந்து, மழைக்காலத்தில் வெளிப்படும். இரண்டாம் வழி தண்ணீர். நோயுற்ற தூரில் உண்டாகும் நுண்ணிய வித்துக்களை மழைச் சாரலும் பாசன நீரும் அடுத்த தூருக்கும் அடுத்த வயலுக்கும் கொண்டு சேர்க்கும். கணுக்களின் வழியாகவும், இலை உதிர்ந்த வடுக்களின் வழியாகவும், புழு துளைத்த துளைகளின் வழியாகவும் அவை கரும்புக்குள் புகும். மூன்றாம் வழி, அறுவடைக்குப் பின் நிலத்தில் கிடக்கும் நோயுற்ற கட்டைகளும் சோகையும் ஆகும். அவற்றில் பூசணம் சில மாதங்கள் உயிரோடிருந்து, உடனே அடுத்த கரும்பு நட்டால் அதனையும் பற்றும்.

கரணையின் வழியாக நோய் எவ்விதம் பெருகுகின்றது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். ஓர் ஏக்கருக்கு இரண்டு பருவுள்ள கரணைகள் சுமார் 30,000 வேண்டும். அவற்றுள் நூற்றுக்கு ஒன்று நோயுள்ளது என்று வைத்துக்கொள்வோம். 300 கரணைகள் ஆயின. நூற்றுக்கு ஒன்று என்னும்போது அது ஒரு பொருட்டாகவே தோன்றாது. ஓர் ஏக்கர் விதைக்கரும்பு சுமார் 10 ஏக்கருக்குக் கரணை தரும். நோய் அதே விகிதத்தில் நின்றாலும், அடுத்த நடவில் 3,000 நோய்க் கரணைகள் பத்து ஏக்கரில் பரவிவிடும். அதற்கும் அடுத்த நடவில் நூறு ஏக்கரில் 30,000. அதாவது, ஓர் ஏக்கரை முழுவதும் நோய்க் கரணையால் நட்டதற்குச் சமமான தொகை இரண்டே தலைமுறையில் ஊர் முழுவதும் இறைக்கப்பட்டு விடுகின்றது. இக்கணக்கில் தண்ணீரால் பரவுவதைச் சேர்க்கவே இல்லை. மழைக்காலத்தில் தாழ்ந்து கிடக்கும் நம் வயல்களில் தண்ணீர் செய்யும் வேலை சிறிதன்று. 2024 டிசம்பர் முதல் வாரத்தில், ஃபெஞ்சல் புயல் மழையை அடுத்துத் தென்பெண்ணையில் பெருகிய வெள்ளம் எத்தனை வயல்களை ஒரே நீர்ப்பரப்பாக்கிற்று என்பதை இவ்வட்டாரத்தார் கண்ணாரக் கண்டனர். அத்தகைய காலத்தில் ஒருவர் வயலுக்கும் மற்றவர் வயலுக்கும் வரப்பு ஏது?

மேல்மடையும் கீழ்மடையும்

ஒரே வாய்க்காலில் பாயும் இரண்டு வயல்களை உதாரணமாகக் கற்பித்துக் கொள்வோம். மேல்மடையில் ஒருவர், கீழ்மடையில் அவருடைய உறவினர். ஆவணி மாதத்து மாலை ஒன்றில் கீழ்மடைக்காரர் வரப்பில் வரும்போது மேல்வயலில் ஒரு தூர் வாடி நிற்பதைக் காண்கிறார்.

“மாமா, வாய்க்கால் ஓரத்தில் ஒரு தூர் மஞ்சளித்து நிற்கிறதே, பிளந்து பார்த்தீர்களா?” என்கிறார்.

“ஒரு தூர்தானே, மாப்பிள்ளை. வெயிலில் வாடியிருக்கும். நாலு தூற்றல் விழுந்தால் தெளிந்துவிடும்” என்கிறார் மேல்மடைக்காரர்.

அவர் பொய் சொல்லவில்லை. அவ்வாறு ஆகவேண்டும் என்னும் ஆசையைச் சொன்னார். தூற்றல் விழுகின்றது, தூர் தெளியவில்லை. புரட்டாசியில் வாய்க்கால் ஓரமாகப் பத்துத் தூர்கள் வாடுகின்றன. இப்போது அவருக்கு விஷயம் விளங்குகின்றது. ஆனால் இப்போது வேறொரு தடை குறுக்கிடுகின்றது. மாப்பிள்ளை கேட்டபோது இல்லையென்று சொல்லியாயிற்று. இனி எப்படிச் சொல்வது? விதைக்கரும்புக்கு ஒருவர் முன்பணம் கொடுத்திருக்கிறார். அவருக்கு என்ன பதில்? ஊரில் நம் வயலுக்கு நோய் வயல் என்று பெயர் வந்துவிடாதா? இவ்விதம் எண்ணி, வாடிய கொண்டைகளை மாத்திரம் இரவில் வெட்டி அப்புறப்படுத்துகிறார். வேர் நிலத்திலேயே இருக்கின்றது; வாய்க்கால் ஓடிக்கொண்டே இருக்கின்றது. ஐப்பசி அடைமழையில் கீழ்மடையிலும் தூர்கள் வாடுகின்றன. தை மாதத்தில், விதைக்கரும்பு வாங்கிச் சென்றவருடைய வேற்றூர் வயலில் நடவு முடிகின்றது. ஒரு தூராக இருந்த கேடு மூன்று குடும்பங்களின் கேடாயிற்று. பயிர் மட்டுமின்றி உறவும் கெட்டது. கீழ்மடைக்காரர் பின்னாளில் மனம் வருந்துவது தம் கரும்பு போனதற்காக அன்று. கேட்டபோது மாமா சொல்லவில்லையே என்பதற்காகவே.

இனி, அதே மாலையில் மேல்மடைக்காரர் அரிவாளை எடுத்து ஒரு கரும்பைப் பிளந்திருப்பாராயின் என்ன ஆகியிருக்கும்? சிவப்பைக் கண்டிருப்பார். மாப்பிள்ளையும் அவருமாக மண்வெட்டியால் அத்தூரை வேரோடு பெயர்த்து எரித்திருப்பர். அரைநாள் வேலை, ஒரு தூர் நட்டம். விதைக்கரும்புக்கு முன்பணம் கொடுத்தவரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்திருக்கும். அது கசப்பான காரியம்தான். ஆயினும் அக்கசப்பு ஒரு நாளோடு தீர்ந்திருக்கும்.

உடனே செய்ய வேண்டியவை

நோய் கண்ட தூரைக் குறித்துச் செய்ய வேண்டியவை வருமாறு.

முதலாவது, தூரை அடியோடு, வேருடன் தோண்டி எடுத்தல் வேண்டும். கொண்டையை வெட்டுவதும், கரும்பை மட்டும் அறுப்பதும் பயன் தரா. தோண்டிய தூரை வரப்பிலோ வாய்க்காலிலோ போடாமல், அவ்வயலிலேயே ஒரு பக்கத்தில் சேர்த்துக் காய்ந்த சோகையிட்டு எரித்துவிட வேண்டும். மாட்டுக்குப் போடுவதற்காக வேறிடம் இழுத்துச் செல்லுதல் கூடாது.

இரண்டாவது, தூர் இருந்த குழியிலும் அதனைச் சுற்றியுள்ள மண்ணிலும் கார்பெண்டசிம் 50 சதவீதத் தூளை லிட்டருக்கு 1 கிராம் வீதம் தண்ணீரில் கலந்து, மண் நனைய ஊற்ற வேண்டும். மருந்து கையாளும்போது கையுறை அணிதலும், வேலை முடிந்தபின் கை கால்களைச் சோப்பிட்டுக் கழுவுதலும் அவசியம்.

மூன்றாவது, அப்பகுதியிலிருந்து தண்ணீர் மற்றப் பகுதிக்குப் பாயாதபடி சிறு வரப்பிட்டுத் தடுத்தல் வேண்டும். கூடுமானால் நோய் கண்ட பகுதிக்குக் கடைசியாக நீர் பாய்ச்ச வேண்டும். தேங்கிய மழைநீரை வடித்துவிட வேண்டும். ஆனால் அதனைப் பிறர் வயலுக்குள் வடியவிடாமல் வடிகாலுக்குச் செலுத்த வேண்டும்.

நான்காவது, வாரம் ஒரு முறையேனும் வயலுக்குள் இறங்கிப் பார்த்தல் வேண்டும். வரப்பில் நின்று பார்க்கும் பார்வைக்கு ஓரத்து வரிசைகளே தெரியும். சோகை உரிக்கும் ஆட்களிடமும், வாடிய தூர் கண்டால் சொல்லும்படி முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

ஐந்தாவது, நோய் பல இடங்களில் பரவி, பயிரும் வெட்டும் பருவத்தை நெருங்கியிருந்தால், ஆலையின் கரும்பு அலுவலருக்கு உடனே தெரிவித்து முன்னதாக வெட்ட ஏற்பாடு செய்து கொள்ள வேண்டும். நாள் செல்லச் செல்லச் சர்க்கரை குறையுமாதலால், மறைத்து வைப்பவருக்கே நட்டம் அதிகம்.

ஆறாவது, நோய் கண்ட வயலில் மறுதாம்பு விடலாகாது. மறுதாம்புக்கு நடவுச் செலவு இல்லை என்பதால் அதில் ஆசை எழுவது இயல்பே. ஆனால் நோய் முதற் பயிரினும் மறுதாம்பில் மிகுதியாகும். கட்டைகளைப் பெயர்த்து அகற்றி எரித்து, ஒரு பட்டமேனும் நெல் பயிரிட்டு, பசுந்தாள் உரப் பயிரும் எடுத்து, அதன்பின் கரும்புக்குத் திரும்புதல் நன்று.

நடவுக்கு முன் செய்ய வேண்டியவை

மேற்கூறியவை நோய் வந்தபின் செய்பவை. வருமுன் காப்பதே உத்தமம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. விதைக்கரும்பு ஆறு முதல் எட்டு மாத வயதுடையதாய், விதைக்கென்றே தனியே வளர்த்த நாற்றங்காலிலிருந்து வருதல் வேண்டும். ஆலைக்கு நிற்கும் கரும்பில் மீந்ததை விதைக்கு எடுப்பது தவறான வழக்கம். கரணை வெட்டும் ஆளுக்கு ஒரு விதி சொல்லி வைக்கலாம்: வெட்டு முகத்தில் சிவப்புக் கண்டால் அக்கரணையை மட்டும் தள்ளினால் போதாது, அக்கரும்பு முழுவதையும் தள்ள வேண்டும். அப்படிப்பட்ட கரும்புகள் மேன்மேலும் வந்துகொண்டே இருந்தால், அவ்வயலின் விதையையே விட்டுவிட வேண்டும். வெட்டுக் கத்தியையும் அடிக்கடி சுத்தம் செய்து கொள்ள வேண்டும்.

பூசணக்கொல்லி மருந்தில் கரணையை ஊறவைத்து நடுவது நல்ல வழக்கமே. அது கரணையின் மேற்புறத்திலும் வெட்டு முகத்திலும் உள்ள பூசணத்தைத் தடுக்கும். ஆனால் கரணையின் உள்ளே ஆழ்ந்து புகுந்துவிட்ட செவ்வழுகலை அது போக்கிவிடும் என்று நம்புதல் பிழை. நல்ல விதைக்கு மருந்து துணையாகுமேயன்றி, கெட்ட விதையை மருந்து நல்ல விதையாக்காது. மேலும், ஊர் முழுவதும் ஒரே வகையை நடுவதைக் காட்டிலும், நம் மண்ணுக்கேற்ற நோய் தாங்கும் வகைகள் இரண்டு மூன்றைக் கலந்து தனித்தனி வயல்களில் வைத்திருத்தல் புத்திசாலித்தனம். ஒன்று நோய்க்கு இடங்கொடுத்தாலும் மற்றவை நிற்கும். எவ்வகை இப்போது நம் வட்டாரத்துக்குச் சிபாரிசு செய்யப்பட்டுள்ளது என்பதைக் கடலூர் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் கேட்டறியலாம்.

கிராம அலுவலர்கள் செய்யத்தக்கது

கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல் கணக்கிற்காக வயல்களைப் பார்வையிடுபவர்கள். எந்தப் புலத்தில் என்ன பயிர், எவருடைய நிலத்துக்கு எவ்வழியே தண்ணீர் என்பதை அவர்கள் அறிவர். பார்வையிடும்போது ஒரு வயலில் வாடிய தூரைக் கண்டால், நிலத்துக்காரரிடம் தனியே, குற்றம் சாட்டும் தொனியின்றித் தெரிவிப்பது அவர்களால் கூடிய பேருபகாரம். பலர் நடுவில் சொன்னால், கேட்பவர் முதலில் மறுக்கவே துணிவார். மறுத்தபின் தம் சொல்லைக் காப்பாற்றிக் கொள்ளவே பார்ப்பார். தனியே சொன்னால் அன்று மாலையே மண்வெட்டியை எடுப்பார்.

ஊர்ப் பெரியவர்களும் ஒரு வழக்கத்தை உண்டாக்கலாம். தம் வயலில் நோய் கண்டதாகத் தாமே முன்வந்து சொல்பவரை இகழ்வதை விட்டு, ஊருக்கு எச்சரிக்கை செய்தவர் என்று மதிக்க வேண்டும். அவர் தூர் தோண்டும் நாளில் வாய்க்கால் பங்காளிகள் ஆளுக்கு ஒருவராக உதவிக்கு இறங்கினால், அடுத்த முறை எவரும் மறைக்க நினையார். நோயை மறைக்கச் செய்வது பேராசையைக் காட்டிலும் பெரும்பாலும் வெட்கமே. வெட்கத்துக்குக் காரணமில்லாமல் செய்துவிட்டால் பாதி நோய் நீங்கினதாகக் கொள்ளலாம்.

முடிவுரை

கரும்புக்குச் சொன்னது கரும்பு வயலோடு நிற்பதன்று. வாங்கிய கைமாற்றைக் குறித்து வைக்காமல் விட்ட கணக்கும், அளந்து கல் நடாமல் ஒத்திப்போட்ட எல்லையும், ஒரு சொல் கேட்டுத் தெளிந்திருக்கக்கூடிய மனத்தாங்கலும் இவ்விதமே வளர்பவை. தொடக்கத்தில் இவற்றுக்கெல்லாம் பரிகாரம் எளிது. அரைநாள் வேலை, அல்லது ஒரு நாளின் சங்கடம். நாட்பட்டபின் அதே காரியத்துக்கு வழக்கும் செலவும் பகையும் வேண்டியிருக்கும். சிறு கேட்டை நாம் விட்டுவைப்பது பெரும்பாலும் அறியாமையால் அன்று. அதனை ஒப்புக்கொள்ள நேரும் அச்சிறு சங்கடத்துக்கு அஞ்சியே விட்டுவைக்கிறோம்.

இவ்விதழ் கைக்குக் கிடைத்த வாரத்தில், கரும்பு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அரிவாளோடு ஒருமுறை தம் வயலுக்குள் இறங்கி, வரிசை வரிசையாகப் பார்த்து வருவார்களாக. வாடிய தூர் ஒன்றும் இல்லையாயின் மகிழ்ச்சி. ஒன்று இருந்தால், அது ஒன்றாக இருக்கும்போதே கண்டதற்காகவும் மகிழ்ச்சி கொள்ளலாம். அன்று மாலையே அதனைப் பிளந்து பாருங்கள், சிவப்புக் கண்டால் வேரோடு எடுங்கள், கீழ்மடைக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.